களியக்காவிளை டூ திருவனந்தபுரம் தெனமும் 110 ஸ்கூட்டர்ல: பழைய வண்டிய ரெடி பண்ணவா, புதுசு எடுக்கவா?

சாலைபஜார்_களியக்காவிளை:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு வீடு களியக்காவிளை, வேல திருவனந்தபுரம் சாலை பஜார்ல ஒரு மொத்த வியாபாரக் கடையில. பில் கொண்டு குடுக்க, கலெக்சன் போக, சாம்பிள் காட்ட எல்லாத்துக்கும் நான்தான் ஓடணும். 2015-ல கேஎல் 01 நம்பர்ல, அதாவது திருவனந்தபுரம் பதிவுல, ஒரு 110 சிசி ஸ்கூட்டர் புதுசா எடுத்தேன், அப்பம் மணக்காட்டுல ரூம் எடுத்து தங்கியிருந்தேன், வண்டிக்கு வேல சிட்டிக்குள்ள மட்டும்தான், கிழக்கேகோட்டை, கிள்ளிப்பாலம், தம்பானூர், பாளையம், அதுக்கு மேல போனா கேசவதாசபுரம். சாலைத் தெரு உள்ள போனவங்களுக்குத் தெரியும், ஒரு பக்கம் தலச்சுமடு, ஒரு பக்கம் குட்டியானை வண்டி நின்னு சரக்கு எறக்கும், நடுவுல ஒரு ஆளு நடக்குற எடந்தான் மிச்சம். கியர் வண்டி வச்சிருந்தவன் எல்லாம் எடது கை வலின்னு சொல்லுவான், நான் காலடியில ஒரு அட்டப்பெட்டிய வச்சிட்டு பைய ஓட்டிட்டுப் போயிருவேன். எட்டு வருசத்துல 46 ஆயிரம் கிமீ ஓடியிருந்தது, பெரிய செலவுன்னு ஒண்ணுமே இல்ல.

ரெண்டு வருசம் முன்னால அம்மைக்கு சொகமில்லாம ஆனதுல ரூம காலி பண்ணிட்டு வீட்டுக்கே வந்துட்டேன். அப்பத்துலேர்ந்து தெனமும் போக்குவரத்து வண்டியிலதான், ஒரு வழி 32 கிமீ பக்கம், பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் வழியா போயி அதுக்க பொறவு சிட்டி ஓட்டமும் இருக்கு. லீவு நாளு எல்லாம் போக இந்த ரெண்டு வருசத்துல மட்டும் 31 ஆயிரம் ஓடிருச்சு. இந்த 31 ஆயிரத்துல வண்டி எனக்கு காட்டாத கஷ்டம் இல்ல. மைலேஜ் 46 குடுத்தது 36-க்கு எறங்கியாச்சு, சிக்னல்ல எடுக்கும்போ அதிருது, போன மாசம் ராத்திரி எட்டு மணிக்கு நல்ல மழையில உதியன்குளங்கர தாண்டினதும் பெல்ட் அறுந்து போச்சு. எஞ்சின் ஓடுது, ஆக்சிலேட்டர் குடுத்தா சத்தம் வருது, வண்டி மட்டும் நகரல. பின்னால ஒரு கேஎஸ்ஆர்டிசி பஸ், அதுக்க ஹெட்லைட் வெளிச்சத்துல வண்டிய உருட்டி ஓரத்துல கொண்டு போனது இப்பவும் நெஞ்சுல இருக்கு. ஒரு கடை வராந்தாவுல வண்டிய வச்சிட்டு பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன்.

வீட்டுல எல்லாரும் இத வித்துட்டு 125 ஒண்ணு எடுன்னு சொல்லுதாங்க. எனக்கு மனசு வரல, அதுக்காக பிடிவாதமும் இல்ல. தெனமும் ஓட்டுறவங்க சொல்லுங்க.

பாறசாலை125:

அண்ணே நான் கேஎல் 19, தெனமும் பாறசாலைலேர்ந்து கரமன வரைக்கும் 125-ல போறேன். 110-ஐ வச்சு இந்த ரோட்டுல ஓட்டுறது எஞ்சினுக்கும் கஷ்டம், நமக்கும் கஷ்டம். 110-ல மொத்தம் இருக்குறது எட்டு குதிரைசக்தி பக்கம்தான், நீங்க 60-ல தொடர்ந்து ஓட்டும்போ அதுல நல்ல ஒரு பங்கு போயிரும், லாரிய ஓவர்டேக் பண்ண மிச்சம் அதிகம் கையில இருக்காது. 125 அதே 60-ல கொஞ்சம் சுகமா ஓடும். 2025 செப்டம்பர் 22-லேர்ந்து 350 சிசி வரைக்கும் உள்ள வண்டிக்கு ஜிஎஸ்டி 28-லேர்ந்து 18 சதவீதம் ஆச்சுல்லா, எடுக்கணும்னா இப்பம் எடுக்கலாம். வண்டி வெயிட்டும் பயப்படாதீங்க, ஃபசினோ 125 எல்லாம் 99 கிலோதான், உங்க வண்டிய விட கொறவாத்தான் இருக்கும்.

ஸ்பேனர்_மார்த்தாண்டம்:

புதுசு எடுக்குறதுக்கு முன்னால நாலு கேள்விக்கு பதில் சொல்லுங்க தம்பி. அறுந்த பெல்ட் அதுக்கு முன்ன எப்பம் மாத்தினது? ரோலர் எப்பம் மாத்தினது? எஞ்சின் ஆயில் எத்தன கிமீக்கு ஒருக்க? ஏர் ஃபில்டர வாங்கி மாத்துனீங்களா, இல்ல காத்தடிச்சு திரும்ப போட்டாங்களா?

சாலைபஜார்_களியக்காவிளை:

பெல்ட் அதுவரைக்கும் மாத்தினதே இல்ல அண்ணாச்சி, 77 ஆயிரத்துல அறுந்தது கம்பெனியில வந்த அதே பெல்ட்டு. ரோலர்னு ஒண்ணு இருக்குன்னே மெக்கானிக் இப்பம் சொல்லித்தான் தெரியும். ஆயில் முன்னால மூவாயிரத்துக்கு ஒருக்க மாத்துவேன், இந்த ரெண்டு வருசம் நேரம் இல்லாம அஞ்சு ஆறு ஆயிரம் வரைக்கும் இழுத்துருக்கேன். ஏர் ஃபில்டர் காத்தடிச்சுதான் போட்டாங்க. அறுந்த அன்னைக்கு பொறவு புது பெல்ட் மட்டும் போட்டு ஓட்டுறேன், அதிர்வு போகல.

ஸ்பேனர்_மார்த்தாண்டம்:

அப்பம் வண்டி மேல குத்தம் இல்ல. 77 ஆயிரம் ஒரே பெல்ட்டு ஓடினதே பெரிய காரியம், 20-24 ஆயிரத்துல மாத்த வேண்டிய சாதனம் அது. விவரமா எழுதுதேன், மத்தவங்களுக்கும் பிரயோஜனப்படும்.

ஸ்கூட்டர்ல ஆளுங்க எல்லாம் எஞ்சினப் பத்தித்தான் பேசுவாங்க. எஞ்சின் பாதி வண்டிதான், மறு பாதி எடது பக்கம் அந்த நீள பெட்டிக்குள்ள இருக்கு. அதுக்குள்ள முன்னால ஒரு புல்லி, பின்னால ஒரு புல்லி, நடுவுல பெல்ட்டு. முன் புல்லிக்குள்ள ஆறு ரோலர் உண்டு. எஞ்சின் வேகம் கூடக் கூட அந்த ரோலர் வெளிய தள்ளிப் போயி புல்லியோட ரெண்டு தட்டையும் நெருக்கும், பெல்ட்டு மேல ஏறும், நீங்க கியர் மாத்தாமலே கியர் மாறுது. சிட்டிக்குள்ள நின்னு நின்னு போகும்போ ரோலர் அங்கோட்டு இங்கோட்டு ஓடிட்டே இருக்கும், ஒரு மாதிரி சமமா தேயும். நீங்க 32 கிமீ ஒரே 60-ல பிடிச்சா அது ஒரே எடத்துல நின்னு ஒரு பக்கம் சப்பையா தேஞ்சு போகும். சப்பையான ரோலர் உருளாது, வழுக்கி வழுக்கிப் போகும், பிக்கப் போயிரும். பெல்ட்டும் அப்படித்தான், நேரம் போகப் போக சூடாகி அகலம் கொறஞ்சுட்டே வரும், உள்பக்கம் பல்லுக்கு எடையில கோடு கோடா வெடிக்கும். ஆக்சிலேட்டர் குடுத்தா சத்தம் கூடுது, வேகம் அந்த அளவு கூடல்லன்னா பெல்ட்டு வழுக்குதுன்னு அர்த்தம். அறுந்து போறதுக்கு ஒரு மாசம் முன்னாலயே உங்களுக்கு அந்த சத்தம் கேட்டிருக்கும், யோசிச்சுப் பாருங்க.

சிக்னல்ல எடுக்கும்போ அதிருறது வேற சாதனம், பின்னால உள்ள கிளச் சூ. அது சிட்டி ஓட்டத்துல தேயும், ஏன்னா ஒவ்வொரு தடவ வண்டி எடுக்கும்போதும் அது சுத்தி இருக்குற இரும்புக் கிண்ணத்துல உரசித்தான் பிடிக்கணும். அப்பம் உங்க வண்டிக்கு சிட்டி தேய்மானமும் உண்டு, ஹைவே தேய்மானமும் உண்டு, ரெண்டும் ஒண்ணா சேந்து வந்திருக்கு. புது பெல்ட்ட பழைய ரோலர் மேலயும் வரி விழுந்த புல்லி மேலயும் போட்டா அந்த புது பெல்ட்டும் சீக்கிரம் போகும். பெட்டிய முழுசா தொறந்து பாக்கச் சொல்லுங்க.

ஆயில் விசயம். இந்த வண்டிகள்ல மாத்தும்போ விழுறது 700 மில்லி பக்கம்தான், காருக்கு உள்ள மாதிரி பேப்பர் ஆயில் ஃபில்டர் கெடையாது, ஒரு சின்ன சல்லடை மட்டுந்தான். அந்த 700 மில்லி முழு அழுக்கையும் சுமக்கணும், அதோட ஒரு பங்கு எரிஞ்சும் போகும். தெனமும் 70-80 கிமீ ஓடுறவன் மூவாயிரத்த தாண்டக் கூடாது. எம்பி கிரேடு 10டபிள்யூ30 கேட்டு வாங்குங்க, பைக்குக்கு உள்ள எம்ஏ கிரேடு இதுக்கு வேண்டாம். பைக்குல கிளச் ஆயிலுக்குள்ள நனஞ்சு கெடக்கும், அதுக்குன்னு செஞ்ச ஆயில் அது. நமக்கு கிளச் காஞ்ச எடத்துல இருக்கு. பின் வீலு பக்கம் கியர் ஆயில் தனியா உண்டு, 120 மில்லிதான் வேணும், அத மாத்தணும்னு பாதி பேருக்கு ஞாபகமே இருக்காது. ஏர் ஃபில்டர் எண்ணெய் தடவின பேப்பரா இருந்தா காத்தடிக்கவே கூடாது, காத்தடிச்சா எண்ணெய் போயி தூசி நேரா எஞ்சினுக்குள்ள போகும். புதுசு வாங்கிப் போடுங்க.

அருமனை அண்ணாச்சி:

ஸ்பேனர் தம்பி சொன்னது அத்தனையும் செரி. நான் பிரேக் மட்டும் சொல்லுதேன். எங்க பக்கம் ஏத்த எறக்கம், ரப்பர் தோட்டத்து ரோடு, மழ பெஞ்சா எல கெடந்து வழுக்கும். நான் டிவிஎஸ் 50 ஓட்டின ஆளு, அது 1980-ல வந்த வண்டி, பொறவு கியர் உள்ள பழைய ஸ்கூட்டர் ஒண்ணு, இப்பம் பத்து வருசமா கியர் இல்லாத 110. கியர் வண்டியில எறக்கத்துல ரெண்டாவது கியருக்கு வந்தா எஞ்சினே வண்டிய பிடிக்கும். இதுல அப்படி எதிர்பாக்கக் கூடாது. ஆக்சிலேட்டர விட்டு வேகம் ஒரு அளவுக்குக் கீழ எறங்கினா கிளச் விட்டுரும், அதுக்க பொறவு வண்டிய பிடிக்குறது பிரேக் மட்டுந்தான். பொன்முடியில 22 கொண்டை ஊசி வளவு இருக்கு, அங்க ரெண்டு ஆள வச்சு பிரேக்க பிடிச்சிட்டே எறங்கினா டிரம் சூடாகி லிவரு கைக்குள்ள வந்துரும், பிடி கெடைக்காது. எனக்கே ஒருக்க ஆச்சு, கூட மகள் இருந்தா. வண்டிய மண்ணு திட்டுல ஏத்தி நிறுத்தினேன், கடவுள் காத்தாரு. அதுலேர்ந்து விட்டு விட்டு பிடிப்பேன், நடுவுல பத்து நிமிசம் நிறுத்தி டிரம்ம ஆற விடுவேன். சாவிய ஆஃப் பண்ணி பெட்ரோல் மிச்சம் பிடிக்க எறங்குற பழக்கம் நம்ம ஊர்ல நெறைய பேருக்கு உண்டு, அத தயவு செஞ்சு செய்யாதீங்க.

2019 ஏப்ரலுக்கு பொறவு வித்த 125 வரைக்கும் உள்ள வண்டிகள்ல எடது பிரேக் பிடிச்சா முன்னாலயும் சேந்து பிடிக்குற ஏற்பாடு கட்டாயம். தம்பிக்க 2015 வண்டியில அது இருக்கணும்னு இல்ல, இருந்தாலும் கேபிள் தளந்து கெடந்தா பிரயோஜனம் இல்ல. சூ ரெண்டையும் மாத்திருங்க, வெல அதிகம் இல்ல.

வெட்டுமணி அக்கா:

நான் திருவனந்தபுரத்துல ஒரு ஆஸ்பத்திரில நர்ஸ். வீடு மார்த்தாண்டம். நானும் உங்கள மாதிரி ஒரு வருசம் ஸ்கூட்டர்லயே போயி வந்தவதான் தம்பி. நைட் டூட்டி முடிச்சு காலையில பாலராமபுரம் ஜங்சன்ல நிக்கும்போ கண்ணு சொருகும். கரமனயிலேர்ந்து பிராவச்சம்பலம் தாண்டி கொடிநடை வரைக்கும் ரோடு அகலமா இருக்கும், அதுல வர்ற வேகத்தோட பாலராமபுரத்துக்குள்ள நுழைஞ்சா திடீர்னு குறுகிரும், எல்லா வண்டியும் அங்க வந்து முட்டும். எங்க வார்டுல நான் பாத்த ரெண்டு சக்கர கேஸ்ல பாதிக்கு மேல வீட்டுக்கு பக்கத்துல, ஓட்டிப் பழகின ரோட்டுல நடந்தது. அத பாத்து பாத்து எனக்கு பயமில்ல, ஒரு முடிவு வந்தது.

நான் செஞ்சது இதுதான். குழித்துறை ஸ்டேசன்லேர்ந்து ரயில் சீசன் டிக்கெட். ஸ்கூட்டர கொண்டு போயி சிட்டியில வச்சேன். தம்பானூர்ல எறங்கினதும் வண்டி, ஆஸ்பத்திரி, திரும்ப தம்பானூர். தெனமும் பத்து பன்னெண்டு கிமீ. அந்த வண்டிக்கு இதுதான் வேல, அதுக்குத்தான் அத செஞ்சிருக்காங்க. உங்களுக்கு சாலை பஜார் தம்பானூர்லேர்ந்து நடந்தே போகலாமே.

ஹெல்மெட் பத்தி ஒரு வார்த்த. கேரளாவுல 2019 டிசம்பர்லேர்ந்து பின்னால இருக்குறவங்களுக்கும் கட்டாயம். 2023 ஜூன் 5-லேர்ந்து ஏஐ கேமராவும் வந்தாச்சு, 500 ரூபா ஃபைன். நம்ம பக்கம் தமிழ்நாட்டுல அதே குத்தத்துக்கு 1000. களியக்காவிளை வரைக்கும் ஹெல்மெட்ட கையில தொங்கப் போட்டுட்டு வந்து செக்போஸ்ட் தாண்டினதும் மாட்டுற ஆளுங்கள ஸ்கூட்டர்ல போன காலத்துல தெனமும் பாத்திருக்கேன். எல்லைக்கு இந்தப் பக்கமும் தல ஒண்ணுதான் இருக்கு. தாடை வார்ப்பட்டைய பூட்டுங்க, பூட்டாத ஹெல்மெட் மொதல்ல பறந்து போகும், தல பொறவுதான் தரையில விழும்.

பாறசாலை125:

அக்கா சொன்னது எனக்கும் யோசனையா இருக்கு. வேகம் பத்தி ஒண்ணு, 2023 ஜூலைலேர்ந்து கேரளாவுல ரெண்டு சக்கரத்துக்கு அதிகபட்சமே 60 தான், முன்னால 70 இருந்தது. நான் 125 ஓவர்டேக்குக்கு நல்லதுன்னு எழுதினேன், அந்த ரோட்டுல ஓவர்டேக்கே வேண்டாம்ங்குறது அக்காவோட பேச்சு. பைபாஸ் வழியா போகலாம்னு சொல்ல வந்தேன், காரோடுலேர்ந்து கழக்கூட்டம் வரைக்கும் நாலு வழி, முக்கோலா காரோடு பகுதி முழுசா கான்கிரீட், திருவல்லம் டோல்ல நமக்கு பைசா கெடையாது. ஆனா கடற்கரைப் பக்கத்துக் காத்து குறுக்க அடிக்கும், 100 கிலோ வண்டிய அது ஒரு கை தள்ளும், பக்கத்துல கண்டெய்னர் போனா இன்னொரு கை தள்ளும். 10 இஞ்சு வீலு வண்டிக்கு நான் அத சொல்ல மாட்டேன்.

தக்கலை தம்பி:

அண்ணாச்சிமாரே ஒரு சந்தேகம். எனக்கு 17 வயசு. வீட்டுல அப்பாக்க 110 ஸ்கூட்டர் சும்மா கெடக்கு. காலேஜுக்கு அத எடுத்துட்டுப் போகலாமா? கியர் இல்லாத வண்டிக்கு 16 வயசுலயே லைசன்ஸ் தருவாங்கன்னு கூட படிக்குறவன் சொன்னான்.

பனச்சமூடு_பேப்பர்:

நான் வண்டி பேப்பர் வேல செய்யுற ஆளு, இந்த சந்தேகம் மாசம் பத்து பேரு கேப்பாங்க. 16 வயசுல தருற லைசன்ஸ் 50 சிசிக்கு மேல போகாத வண்டிக்கு மட்டும். அந்த அளவுல பெட்ரோல் வண்டி இப்பம் ஷோரூம்ல கெடைக்காது. 110-க்கு 18 முடியணும். 2019-ல சட்டம் திருத்தினதுக்கு பொறவு சின்ன பையன் ஓட்டி பிடிபட்டா அப்பாவுக்கோ வண்டி ஓனருக்கோ 25 ஆயிரம் ஃபைன், மூணு வருசம் வரைக்கும் ஜெயில் போடலாம், வண்டிக்க ஆர்சி ஒரு வருசம் ரத்து. ஒரு வருசம் பஸ்ல போ தம்பி.

இனி களியக்காவிளைக்காரருக்கு. நீங்க கேக்காத ஒரு விசயம் நான் சொல்லணும். வண்டி கேஎல் 01, ரெண்டு வருசமா ராத்திரி கெடக்குறது தமிழ்நாட்டுல. மோட்டார் வாகனச் சட்டம் 47-ஆம் பிரிவு என்ன சொல்லுதுன்னா, ஒரு மாநிலத்துல பதிஞ்ச வண்டிய வேற மாநிலத்துல 12 மாசத்துக்கு மேல வச்சிருந்தா அங்க புது நம்பர் எடுக்கணும். அதுக்கு கேரளாவுல 28-ஆம் நம்பர் ஃபாரம் குடுத்து என்ஓசி, அதாவது ஆட்சேபனை இல்லன்னு சான்று வாங்கணும், இங்க மார்த்தாண்டத்துல 27-ஆம் நம்பர் ஃபாரம் போட்டு வண்டியோட வயசுக்கு ஏத்த வரி கட்டி டிஎன் 75 எடுக்கணும், அங்க கட்டின வரியில மிச்சத்த திரும்பக் கேக்கணும். இன்சூரன்ஸ்லயும் மாத்தணும். மாநிலம் மாறினாலும் நம்பர் மாத்த வேண்டாத பிஎச் சீரிஸ் கேக்குறவங்களும் உண்டு, அது நாலு மாநிலத்துலயாவது ஆபீஸ் உள்ள எடத்துல வேல பாக்குறவங்களுக்கும் அரசு ஊழியருக்கும்தான், கட ஆளுக்கு கெடைக்காது. எல்லையில இருக்குற நமக்கு இது பெரிய தலவலிதான். 1956 நவம்பர் 1-க்கு முன்னால இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே திருவிதாங்கூர், எங்க தாத்தாவுக்கு நெய்யாற்றின்கரையும் குழித்துறையும் ஒரே ஊரு மாதிரி. இப்பம் ஸ்கூட்டர் எங்க தூங்குதுன்னு சட்டம் கேக்கும்.

ஆனா அக்கா சொன்ன மாதிரி வண்டிய சிட்டியிலயே வச்சீங்கன்னா இந்த பிரச்சன தன்னால தீரும், கேஎல் வண்டி கேரளாவுல இருக்கு அவ்வளவுதான். 2015 வண்டிக்கு ஆர்சி 15 வருசம், 2030 வரைக்கும் ஓட்டலாம். தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் 75 டூ 150 சிசிக்கு வருசம் 714 ரூபாயும் ஜிஎஸ்டியும், அத தவற விடாதீங்க.

வெட்டுமணி அக்கா:

பேப்பர் அண்ணாச்சி, எனக்க வண்டி டிஎன் 75, சிட்டியில வச்சு ஏழு மாசம் ஆச்சு. அப்பம் நான் மாத்தணுமா?

பனச்சமூடு_பேப்பர்:

இப்பம் வேண்டாம் அக்கா, 12 மாசம் தாண்டி அங்கேயே வைக்குறதா இருந்தா மாத்தணும். இப்பமே மார்த்தாண்டத்துல என்ஓசிக்கு யோசிச்சு வைங்க, லோன் பாக்கி இருந்தா பேங்க் லெட்டரும் வேணும்.

கருங்கல் மின்வண்டி:

சிட்டிக்குள்ள மட்டும் பத்து பன்னெண்டு கிமீன்னா கரண்ட் வண்டியும் யோசிக்கலாம். ரோலரும் எஞ்சின் ஆயிலும் இல்ல, எறக்கத்துல மோட்டாரே வண்டிய பிடிக்கும், அண்ணாச்சி சொன்ன பயம் கொறவு. கேரளாவுல கரண்ட் போர்டு (கேஎஸ்இபி) போஸ்ட்டுலயே ரெண்டு சக்கரத்துக்கு சார்ஜ் பாயின்ட் வச்சிருக்கான். ஆனா நல்ல ஓட்டத்துல இருக்குற பழைய வண்டிய தூக்கிப் போட்டுட்டு எடுங்கன்னு நான் சொல்ல மாட்டேன். கடையில ராத்திரி பிளக் கெடைக்குமான்னு மொதல்ல பாத்துக்கோங்க.

சாலைபஜார்_களியக்காவிளை:

எல்லாருக்கும் நன்றி, ஒவ்வொண்ணா படிச்சேன். பெட்ரோல் பத்தி ஒரு கேள்வி மிச்சம். நான் எப்பவும் களியக்காவிளைல நம்ம பக்கத்து பங்க்லதான் அடிப்பேன், கேரளாப் பக்கம் லிட்டருக்கு நாலஞ்சு ரூபா கூட. 2023 ஏப்ரல்லேர்ந்து அவங்க ரெண்டு ரூபா செஸ்ஸும் போட்டாங்க. வண்டிய சிட்டியில வச்சா அங்கதான் அடிக்கணும். அது போக 20 சதவீதம் எத்தனால் கலந்த இந்த ஈ20 பெட்ரோல் பழைய வண்டிய கெடுக்கும்னு சொல்லுதாங்களே?

ஸ்பேனர்_மார்த்தாண்டம்:

வெல கணக்கு மொதல்ல. இப்பம் நீங்க தெனமும் 75 கிமீக்கு ரெண்டு லிட்டர் எரிக்கிறீங்க. சிட்டியில மட்டும்னா பதினஞ்சு கிமீ ஓடினாலும் அர லிட்டர் கூட ஆகாது. அஞ்சு ரூபா கூடக் குடுத்தாலும் நஷ்டம் எங்க வருது?

ஈ20-ல மைலேஜ் கொறையும், அது நிஜம். எத்தனால்ல ஒரு லிட்டருக்கு உள்ள சக்தி பெட்ரோல விட மூணுல ஒரு பங்கு கொறவு, அதுல அஞ்சுல ஒண்ணு கலந்தா மொத்தத்துல ஆறேழு சதவீதம் கொறயும். 46-லேர்ந்து 36-க்கு எறங்கினதுக்கு அது மட்டும் காரணம் ஆகாது, மிச்சம் எல்லாம் பெல்ட்டும் ரோலரும் ஃபில்டரும் டயர் காத்தும். 2023 ஏப்ரலுக்கு பொறவு வந்த வண்டி ஈ20-க்கு ஏத்த ரப்பரோட வருது. உங்களது கார்புரேட்டர் வண்டி, பெட்ரோல் ஹோசும் கார்புரேட்டர் உள்ள இருக்குற ரப்பர் வளையமும் (ஓ ரிங்) பழசா இருந்தா ஊறி இளகும், மாத்திருங்க, சின்ன காசுதான். எத்தனால் ஈரத்த இழுக்கும், அதனால மழக்காலத்துல டேங்க்ல கொஞ்சமா வச்சு ஒரு மாசம் சும்மா போடாதீங்க. நமக்கு இடவப்பாதி, அதான் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு, வருசத்துல பாதி ஈரந்தான்.

தம்பானூர்ல வெள்ளம் ஏறுற எடம் உங்களுக்கு தெரியும். 2015-ல ஆபரேசன் அனந்தான்னு ஓடை எல்லாம் தோண்டினாங்க, இப்பவும் பெருமழையில நிக்கும். முட்டளவு வெள்ளத்துல ஸ்கூட்டர் எறக்காதீங்க. பெல்ட் பெட்டிக்குள்ள வெள்ளம் போனா பெல்ட்டு வழுக்கி வண்டி நிக்கும், அது காஞ்சா செரியாகும். எஞ்சின் வெள்ளத்த குடிச்சு நின்னுருச்சுன்னா மட்டும் செல்ஃப் அடிக்கவே அடிக்காதீங்க, கிக்கரும் மிதிக்காதீங்க. வெள்ளம் அமுங்காது, பிஸ்டன பிடிச்சிருக்குற கனெக்டிங் ராடு வளைஞ்சிரும். தள்ளிட்டு வாங்க, பிளக்க கழத்திட்டு பாப்போம்.

அருமனை அண்ணாச்சி:

டயர் காத்து தம்பி. முன்னால 22, பின்னால ஒத்த ஆளுக்கு 29, ரெண்டு ஆளுக்கு 36. எனக்க வண்டிக்க ஸ்டிக்கர்ல அப்படி போட்டுருக்கு, உங்க வண்டியில என்ன போட்டுருக்குன்னு பாருங்க. வாரத்துக்கு ஒருக்க அடிக்கணும். பங்க்ல பையன் கண்ண மூடி ரெண்டுக்கும் 40 அடிச்சு விடுவான், மழையில வண்டி நிக்காது.

சாலைபஜார்_களியக்காவிளை:

மூணு வாரம் கழிச்சு எழுதுதேன். வண்டிய ஸ்பேனர் அண்ணாச்சி சொன்ன மாதிரி முழுசா தொறந்து பாத்தாச்சு. ரோலர் ஆறுல அஞ்சு சப்ப, கையில வச்சுப் பாத்தா ஒரு பக்கம் உளியால செதுக்கின மாதிரி இருந்தது. கிளச் சூ தேஞ்சு இரும்பு தெரிய ஆரம்பிச்சிருந்தது. பிரேக் சூ ரெண்டும், பின் டயர், ஏர் ஃபில்டர், பெட்ரோல் ஹோஸ், கியர் ஆயில் எல்லாம் மாத்தி மொத்தம் 4,600 ரூபா. கியர் ஆயில் எறங்கினது கறுப்பா, பாதி அளவுகூட இல்ல, இத்தன வருசத்துல ஒருக்க கூட மாத்தல்லன்னு அப்பந்தான் வெளங்கிச்சு. இந்த காசுக்கு புது வண்டிக்க முன்பணம்கூட ஆகாது.

மொதலாளிகிட்ட பேசினேன், கடைக்குப் பின்னால சரக்கு வைக்குற ஷெட்டுல வண்டிய வச்சுக்கோன்னு சொல்லிட்டாரு. காலையில தம்பி டிவிஎஸ் எக்ஸ்எல்-ல பாறசாலை ஸ்டேசன்ல கொண்டு விடுதான், அங்கேர்ந்து ரயில். சீசன் எடுத்தாச்சு. தம்பானூர்லேர்ந்து நடந்தா கடை வந்துரும், வண்டி அங்க நிக்குது. வீட்டுக்கு வந்து சேர்றது முன்னால விட இருவது நிமிசம் தாமசம்தான், அது உள்ளத சொல்லணும், ரயில் லேட்டானா இன்னும் ஆகும். ஆனா மழையில நனையல்ல, அம்மைக்கு ராத்திரி எட்டு மணி ஆனா வாசல்ல நிக்குற பழக்கம் நின்னுருச்சு.

சிட்டிக்குள்ள மட்டும் ஓட்டி ரெண்டு தடவ டேங்க் ஃபுல் பண்ணி பாத்தேன், 42 கெடைச்சது. சிக்னல்ல அதிர்வு இல்ல. நேத்து சாலைக்குள்ள ரெண்டு பெட்டி சாம்பிள காலடியில வச்சு கிள்ளிப்பாலம் வரைக்கும் போனேன், 2015-ல எடுத்த அன்னைக்கு ஓட்டின மாதிரியே இருந்தது.

ஸ்பேனர்_மார்த்தாண்டம்:

கொள்ளாம் தம்பி. கிலோமீட்டர ஒரு பேப்பர்ல எழுதி சீட்டுக்கு அடியில ஒட்டுங்க, பெல்ட் மாத்தின கணக்கும் ஆயில் மாத்தின கணக்கும் தனித்தனியா. இனிமே ஓட்டம் கொறவு, கிமீ மட்டும் பாத்தா ஆயில் மாத்த வருசம் ஆகிரும், அதனால ஆறு மாசத்துக்கு ஒருக்க மாத்திருங்க. சின்ன தூரம் ஓடி நிறுத்துற வண்டியில ஆயிலுக்குள்ள ஈரம் சேரும்.

வெட்டுமணி அக்கா:

நல்லது தம்பி. பாறசாலைல நீங்க ஏறும்போ நான் உள்ள இருப்பேன், பாத்தா பேசுங்க. ஹெல்மெட்ட ஷெட்டுல வண்டியோட பூட்டி வைக்காதீங்க, உள்பஞ்சு பூத்துப் போகும், கடைக்குள்ள காத்து படுற எடத்துல தொங்க விடுங்க.